ஓர் எண்ணை ஒளித்து வைத்த கதை

தேர்வுக் காலத்தில் எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, முத்திரையிட்ட வினாத்தாள் உறையை இரண்டு மாணவர்களிடம் காட்டி, முத்திரை கலையாமல் இருக்கிறது என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். அதுவரை உள்ளே இருப்பது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. உலகின் தலைசிறந்த விஞ்ஞானியை அழைத்து வந்து, "நாளை மறுநாள் தேர்வில் ஏழாவது வினா எதுவாக இருக்கும்? கணக்கிட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவரும் கையைத்தான் விரிப்பார். வினாத்தாள் மனிதர் ஒருவர் உட்கார்ந்து தயாரித்தது. யாராவது வெளியிட்டால் ஒழிய அதை அறிய வழி இல்லை.

இனி, செய்முறை வகுப்புக்கு வாருங்கள். தனி ஊசல் பரிசோதனை. ஒரு மாணவர் தம் அட்டவணையை இடக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறார். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிடுவாராம்! "தம்பி, நீ மறைப்பதால் என்ன லாபம்? பக்கத்து மேசையிலும் இதே பூமிதான் ஊசலை இழுக்கிறது. இன்னும் அரை மணியில் அவனுக்கும் 9.8 என்றுதான் விடை வரப் போகிறது" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் மட்டும் கையை எடுக்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும்போது, நான் சொன்னது முழுவதும் சரிதானா என்று எனக்கே ஓர் ஐயம் எழுந்தது. மனிதன் உண்டாக்கிய செய்தியைப் பூட்டி வைக்கலாம். இயற்கையில் உள்ள ஒன்றைப் பூட்ட முடியுமா? யார் சரியாகக் கேட்டாலும் இயற்கை ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆகவே இயற்கையைப் பற்றிய இரகசியம் என்பது அந்த அரை மணி நேரம்தான். ஆனால் சில சமயங்களில் அந்த அரை மணி நேரமே எல்லாமாக இருந்துவிடுகிறது. இதற்கு இயற்பியல் வரலாற்றில் 1939 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பும் விஞ்ஞானிகள் மறைத்தது உண்டு. சுருள்வில்லின் விதியை நமக்குத் தந்த ராபர்ட் ஹூக், 1676இல் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. லத்தீன் வாக்கியம் ஒன்றின் எழுத்துகளை அகர வரிசையில் கலைத்து, பதினான்கு எழுத்துகளாக அச்சிட்டு வைத்தார். 1678இல்தான் அவற்றை ஒழுங்குபடுத்தி, நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்று பொருள் சொன்னார். வேறு யாராவது முந்திக்கொண்டால், "இதோ, நான் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன்" என்று காட்டுவதற்கான ஏற்பாடு இது. உறைக்கு முத்திரை, முத்திரைக்குத் தேதி. புகழுக்காகச் செய்யப்பட்ட இந்த மறைப்பினால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. 1939இல் நிலைமை வேறு.

வாய் தவறிய ஒரு மாலை

1938ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ஆட்டோ ஹான், பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்ற இரு வேதியியலார், நியூட்ரானால் தாக்கப்பட்ட யுரேனியத்தில் பேரியம் இருப்பதைக் கண்டனர். யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளந்திருந்தாலன்றி அங்கே பேரியம் வர வழியில்லை. ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி ஸ்வீடனில் இருந்த லிஸே மைட்னரும், அவருடைய சகோதரி மகன் ஆட்டோ பிரிஷும் இதற்குச் சரியான விளக்கம் கண்டனர். பிரிஷ் இதைக் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் சொன்னார். போர் அப்போது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறவிருந்தார். மைட்னரும் பிரிஷும் தங்கள் கட்டுரையை அனுப்பும் வரை யாரிடமும் சொல்வதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

கப்பலில் அவருடன் பயணம் செய்தவர் லியோன் ரோசன்பெல்ட் என்ற இளம் அறிஞர். அட்லாண்டிக் கடலைக் கடக்கும் நாட்கள் முழுவதும் இருவரும் அணுக்கருப் பிளவைப் பற்றியே பேசிக்கொண்டு சென்றனர். தாம் கொடுத்த வாக்கைப் பற்றி ரோசன்பெல்டிடம் சொல்ல மட்டும் போர் மறந்துவிட்டார்! 1939 ஜனவரி 16ஆம் தேதி கப்பல் நியூயார்க்கை அடைந்தது. போர் அங்கேயே தங்கினார். ரோசன்பெல்ட் ரயிலேறி பிரின்ஸ்டன் சென்று, அன்று மாலையே அங்கிருந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதே 16ஆம் தேதியிட்ட மைட்னர், பிரிஷ் இருவரின் கட்டுரை இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது பிப்ரவரி 11இல்தான். அதற்குள் அமெரிக்காவில் பல ஆய்வுக்கூடங்கள் பரிசோதனையையே செய்து முடித்திருந்தன.

இரகசியம் பற்றி ஆராய்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கவனிக்க வேண்டும். இதில் ஒற்றர் இல்லை, துரோகி இல்லை. நல்லவர் ஒருவர் நல்லவர் ஒருவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல மறந்தார், அவ்வளவுதான். இரகசியத்தைக் காப்பதற்கு, செய்தி தெரிந்தால் மட்டும் போதாது. அது இரகசியம் என்ற செய்தியும் கூடவே போய்ச் சேர வேண்டும்.

ஸிலார்டின் கவலை

ஒரே ஒரு மனிதர் மட்டும் இந்தச் செய்தியைக் கேட்டதும் மகிழ்வதற்கு முன் கவலைப்பட்டார். அவர் ஹங்கேரியில் பிறந்த லியோ ஸிலார்ட். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். ஒரு நியூட்ரான் ஓர் அணுக்கருவைத் தாக்கி இரண்டு நியூட்ரான்களை வெளியேற்றினால், அவை இரண்டும் மேலும் இரண்டைத் தாக்கினால், இப்படியே பெருகிப் பெரும் ஆற்றல் கிடைக்கும் அல்லவா? இந்தத் தொடர்வினைக் கருத்துக்கு அவர் 1934இலேயே இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்பு அது அச்சாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே, 1936இல் அந்த உரிமையைப் பிரிட்டிஷ் கடற்படைத் துறைக்கு எழுதிக் கொடுத்தார். தரைப்படைக்காரர்கள் அதற்கு முன்பே, இதில் மறைக்க எதுவும் இல்லை என்று கையை விரித்திருந்தார்கள்! அந்தக் காப்புரிமை வெளியானது 1949இல்.

யுரேனியம் பிளக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் ஸிலார்டுக்குத் தம் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. பிளவின்போது நியூட்ரான்கள் வெளிவருகின்றனவா என்பதே இனி கேள்வி. 1939 பிப்ரவரி 2இல் அவர் பாரிஸில் இருந்த பிரடெரிக் ஜோலியோவுக்குக் கடிதம் எழுதினார். நியூட்ரான்கள் வெளிவருமானால் அது மிகவும் அபாயகரமான குண்டுகளில் போய் முடியலாம், ஆகையால் முடிவுகளை வெளியிடாமல் நிறுத்தி வைப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஜோலியோ குழுவினர் இணங்கவில்லை. மார்ச் 18ஆம் தேதி, நியூட்ரான்கள் வெளிவருகின்றன என்ற கட்டுரை 'நேச்சரில்' வந்தது. ஏப்ரல் 22ஆம் தேதி, ஒரு பிளவுக்குச் சராசரி மூன்றரை நியூட்ரான்கள் என்ற கட்டுரை வந்தது. (சரியான அளவு சுமார் இரண்டரைதான். ஆனால் ஒன்றுக்கு மேல் என்பதே இங்கு முக்கியம்.) இரண்டே நாளில், ஏப்ரல் 24ஆம் தேதி, ஹாம்பர்க்கிலிருந்து பால் ஹார்டெக் என்ற விஞ்ஞானி, புதுவகை வெடிபொருள் சாத்தியம் என்று ஜெர்மன் இராணுவத் துறைக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 29இல் பெர்லினில் இது குறித்து ஒரு கூட்டமும் நடந்துவிட்டது.

ஜோலியோவைக் குறை கூறலாமா? எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. கண்டதை உடனே அச்சிட்டு உலகுக்குச் சொல்வது என்பது முந்நூறு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த பழக்கம். அதை ஒரு கடிதத்தின் பேரில் விடச் சொன்னால் யார்தான் விடுவார்கள்? மேலும், பத்து நாடுகளில் பத்துப் பேர் அதே பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் வாயை மூடுவதால் என்ன பயன்? பெர்மிகூடத் தொடக்கத்தில் ஸிலார்டின் யோசனையை ஏற்கவில்லை. ஆனால் யுத்தம் மூண்ட பின் அதே ஜோலியோ குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லையற்ற தொடர்வினை பற்றிய தங்கள் ஆய்வை ஓர் உறையில் இட்டு முத்திரை வைத்து, 1939 அக்டோபர் 30ஆம் தேதி பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் ஒப்படைத்தார்கள். அந்த உறை யுத்தம் முடிந்த பிறகே திறக்கப்பட்டது.

இரண்டு லட்சத்தில் ஒரு திருடன்

இப்போது நம் கதையின் மையத்துக்கு வருவோம். இங்கே சிறிது இயற்பியல் தேவைப்படும்.

பிளவின்போது வெளிப்படும் நியூட்ரான் மிக வேகமானது. நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு அணுக்களே எளிதில் பிளக்கும் யுரேனியம் 235. மற்றவை பெரும்பாலும் யுரேனியம் 238. இவை நியூட்ரானைப் பிளக்காமலே விழுங்கிவிடும். ஆனால் நியூட்ரானின் வேகத்தை நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுக்குத் தணித்துவிட்டால், 235 அதைப் பிடித்துப் பிளப்பதற்கான வாய்ப்பு மிகப் பெரிதாகிறது. எனவே தணிப்பான் ஒன்று வேண்டும்.

வேகத்தைத் தணிப்பது எப்படி? கோலிக் குண்டு விளையாடியவர்களுக்கு இது தெரியும். ஒரு குண்டு, சம எடையுள்ள இன்னொரு குண்டை நேருக்கு நேர் அடித்தால் அடித்தது அப்படியே நின்றுவிடும், அடிபட்டது ஓடும். பெரிய பாறையில் அடித்தாலோ அதே வேகத்தில் திரும்பி வரும். நியூட்ரானுக்குச் சம எடையுள்ளது ஹைட்ரஜன் அணுக்கரு. ஆனால் சாதாரண நீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானைத் தணிப்பதோடு நில்லாமல் பலவற்றை விழுங்கியும் விடுகிறது. கனநீரில் உள்ள டியூட்டீரியம் விழுங்குவது மிகக் குறைவு. ஆனால் அது அபூர்வமானது. அன்றைக்குப் பெரிய அளவில் தயாரித்தது நார்வேயில் ஒரே ஒரு ஆலைதான். மீதமிருக்கும் வழி கார்பன். கார்பன் அணு சற்றே கனமானது. ஆகையால் நியூட்ரான் நூற்றுக்கு மேற்பட்ட முறை மோதித்தான் வேகம் தணியும். கிராபைட் வடிவில் கார்பன் மலிவாகக் கிடைக்கிறது. அத்தனை மோதல்களிலும் கார்பன் நியூட்ரானை விழுங்காமல் இருக்குமா? எல்லாம் இந்த ஒரு கேள்வியில் நின்றது.

விழுங்கும் தன்மையை அளக்க 'பார்ன்' என்றோர் அலகு உண்டு. பார்ன் என்றால் ஆங்கிலத்தில் வைக்கோலும் தானியமும் போட்டு வைக்கும் பெரிய கொட்டகை. அணுக்கருவின் அளவோடு பார்த்தால் அது கொட்டகை போலப் பெரியது என்று யுத்த காலத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் வேடிக்கையாக வைத்த பெயர். (அந்த வேடிக்கையும் சில ஆண்டுகள் இரகசியப் பட்டியலில் இருந்தது!) வேகம் தணிந்த நியூட்ரானைப் பொறுத்தவரை, கார்பனின் விழுங்கும் பரப்பு 0.0035 பார்ன். போரான் என்ற தனிமத்துக்கோ சுமார் 760 பார்ன். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல் வரும். அதாவது இரண்டு லட்சம் கார்பன் அணுக்களுக்கு நடுவே ஒரே ஒரு போரான் அணு இருந்தால், அத்தனை கார்பன் அணுக்களும் சேர்ந்து விழுங்கும் அளவு நியூட்ரான்களை அது ஒன்றே விழுங்கிவிடும். இரண்டு லட்சம் பேர் கூடும் தேர்த் திருவிழாவில் ஒரே ஒரு ஜேப்படித் திருடன் புகுந்தது போல. எடைக் கணக்கில் சொன்னால், ஒரு டன் கிராபைட்டில் நாலு கிராம் போரான். சாதாரணத் தொழிற்சாலைக் கிராபைட்டில் இவ்வளவு போரான் இருப்பது வெகு சகஜம். வேறு வேலைகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

1940 வசந்த காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெர்மியும் அவருடைய மாணவர் ஹெர்பர்ட் ஆண்டர்சனும் டன் கணக்கில் கிராபைட் கட்டிகளை அடுக்கி, கார்பனின் விழுங்கும் தன்மையை அளந்தார்கள். அது மிகக் குறைவு என்று தெரிந்தது. அந்த அளவு ஓர் எண். ஒரு வரியில் அச்சிட்டு விடலாம். ஸிலார்ட் மீண்டும் வந்து நின்றார், இதை வெளியிடக் கூடாது என்று. பெர்மிக்கு எரிச்சல். பாசிச இத்தாலியிலிருந்து சுதந்திர நாட்டுக்கு வந்தவர் அவர், இங்கேயும் வாயைக் கட்டுவதா என்று அவருக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. மூத்த பேராசிரியர் ஜார்ஜ் பெக்ரம் தலையிட்ட பிறகு பெர்மி இணங்கினார். எண் வெளியாகவில்லை.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1941 ஜனவரியில், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வால்தர் போதே என்ற அறிஞர் இதே அளவீட்டைச் செய்தார். போதே சாமானியர் அல்லர், 1954இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பயன்படுத்திய கிராபைட் நல்ல தரமானது என்றே கருதப்பட்டது. ஆனால் அவருக்குக் கிடைத்த விழுங்கும் அளவு மிக அதிகம். இயற்கை யுரேனியத்தோடு கார்பன் உதவாது என்பது அவர் முடிவு. திருடன் உள்ளே இருந்தான், பழி திருவிழாக் கூட்டத்தின் மேல் விழுந்தது.

இதே ஆபத்தை ஸிலார்டும் சந்தித்தார். ஆனால் பொறியியல் படித்தவர் ஆகையால், கிராபைட் செய்யும் கம்பெனிக்காரர்களிடமே போய், இதில் போரான் இருக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பெர்மியின் எண் மட்டும் அச்சாகியிருந்தால், போதே அதைப் பார்த்திருப்பார். இரண்டு அளவுகளும் ஏன் வேறுபடுகின்றன என்று எந்த மாணவரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டிருப்பார். விடை போரானில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

இந்த ஓர் எண்ணை மறைத்ததால்தான் ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லாமல் போயிற்று என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகைப்படுத்தல். வில்ஹெல்ம் ஹான்லே என்ற ஜெர்மானியர், கிராபைட்டில் போரான் போன்ற அசுத்தங்கள் இருப்பதை 1941இலேயே சுட்டிக்காட்டினார். ஆனால் அவ்வளவு சுத்தமான கிராபைட் செய்யும் செலவைக் காட்டிலும் நார்வேயின் கனநீரே மேல் என்று இராணுவத்தார் முடிவு செய்தனர். அந்த ஆலை 1943 பிப்ரவரியில் நாசவேலைக்கு உள்ளானது. 1944 பிப்ரவரியில் கனநீர் ஏற்றிச் சென்ற படகும் ஏரியில் மூழ்கடிக்கப்பட்டது. யுத்தம் முடியும் வரை ஜெர்மனியில் ஓர் அணு உலைகூடத் தானாக இயங்கும் நிலையை எட்டவில்லை. அமெரிக்காவிலோ, சிகாகோவில், சுமார் 350 டன் கிராபைட் கட்டிகளால் அடுக்கப்பட்ட உலை 1942 டிசம்பர் 2ஆம் தேதியே இயங்கிவிட்டது. மறைத்த எண் யுத்தத்தை வெல்லவில்லை. தவறு ஒன்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை எதிரிக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவே.

இதில் எனக்கு வியப்பூட்டுவது ஒன்றுண்டு. விஞ்ஞானத்தில் தவறுகள் திருந்துவது ஒருவர் முடிவை மற்றவர் பார்ப்பதால்தான். போதேயின் திறமையில் குறைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மேசை அவருக்கு இல்லாமற் போயிற்று. செய்முறை வகுப்பில் கையால் மறைத்த அந்த மாணவர் என்னை மடக்கியது இங்கேதான்!

மௌனம் காட்டிக்கொடுத்தது

1940ஆம் ஆண்டின் நடுவில் கிரிகரி பிரீட் என்பவரின் முயற்சியால் அமெரிக்க விஞ்ஞான இதழ்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. யுரேனியம் பற்றிய கட்டுரை வந்தால், பெற்ற தேதியைக் குறித்துக்கொண்டு நிறுத்தி வைப்பார்கள். சட்டம் எதுவும் இல்லை, விஞ்ஞானிகள் தாமாகவே ஏற்ற கட்டுப்பாடு. ஹூக்கின் பதினான்கு எழுத்துகள் மீண்டும் வந்துவிட்டன பாருங்கள்.

திட்டம் நன்றாகவே வேலை செய்தது. அதுவே குறையாகவும் போயிற்று. ருஷ்யாவில் கியார்கி பிளெராவ் என்ற இளைஞர் இருந்தார். 1940இல் இவரும் பெட்ர்ஷாக் என்பவரும், யுரேனியம் நியூட்ரான் தாக்காமலே மிக அரிதாகத் தானே பிளப்பதைக் கண்டுபிடித்தவர்கள். விண்வெளிக் கதிர்கள் குறுக்கிடாமல் இருக்க மாஸ்கோவின் பாதாள ரயில் நிலையத்தில் பரிசோதனை நடத்தினார்கள். முடிவு அமெரிக்க இதழிலும் வந்தது. பின்னர் யுத்தம் வந்து, பிளெராவ் விமானப்படையில் சேர்ந்து, 1942 தொடக்கத்தில் வரோனெஷ் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த பல்கலைக்கழக நூலகத்தில் வெளிநாட்டு இதழ்கள் கிடைத்தன. தம் கண்டுபிடிப்பைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஆவலோடு புரட்டினார். எந்த எழுத்தாளனுக்கும் இருக்கும் ஆவல்தான்! ஒருவரும் எதுவும் எழுதவில்லை. மேலும் புரட்டினார். யுரேனியம் பற்றியே கட்டுரை இல்லை. அத்துறையில் மாதம் தவறாமல் எழுதிவந்த பெயர்கள் ஒன்றையும் காணோம்.

இவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டார்களா என்ன? இல்லை, எல்லாரும் ஒரே இடத்தில் கூடி ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். 1942 ஏப்ரலில் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். லண்டனிலிருந்து உளவாளிகள் வழியாகச் செய்தி 1941லேயே அங்கே எட்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே பிளெராவின் கடிதம் மட்டுமே சோவியத் திட்டத்தைத் தொடங்கியது என்பது சரியல்ல. ஆனால் ஒரு விஞ்ஞானி, அச்சாகாத பக்கங்களைப் படித்து உண்மையைக் கண்டுபிடித்தார் என்பதில் ஐயமில்லை. பக்கத்து வீட்டில் தினமும் கேட்கும் சண்டை திடீரென்று நின்றுபோனால் நாம் எட்டிப் பார்ப்பதில்லையா?

கதவுக்கு உள்ளே

எதிரியிடமிருந்து மறைப்பது ஒரு புறம். கூட வேலை செய்பவரிடமிருந்தும் மறைப்பது இன்னொரு புறம். அமெரிக்கத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸின் கொள்கை, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டும் தெரிந்தால் போதும் என்பது. லாஸ் அலமாஸில் இருந்த எல்லாருக்கும் ஒரே முகவரி, சாண்டா பே நகரின் 1663ஆம் எண் தபால் பெட்டி. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழிலும் பிறந்த இடம் அந்தத் தபால் பெட்டிதான்! நீல்ஸ் போருக்கு நிக்கலஸ் பேக்கர் என்றும், பெர்மிக்கு ஹென்றி பார்மர் என்றும் பெயர் சூட்டப்பட்டது.

ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் யுரேனியம் 235ஐப் பிரித்தெடுத்தார்கள். அங்கே பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள் கருவிகளின் முன் அமர்ந்து, முள் விலகினால் திருகைத் திருப்பி நேராக்கினார்கள். எதற்கு என்று சொல்லப்படவில்லை. டாக்டர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளோடு போட்டி வைத்தபோது இந்தப் பெண்களே அதிகம் பிரித்துக் காட்டினார்களாம். விஞ்ஞானிகள் முள் ஏன் நகர்ந்தது என்று ஆராயப் போய் நேரத்தை இழந்தார்கள். அறியாமையும் சில வேலைகளுக்கு உதவுகிறது என்பதை ஆசிரியனாகிய நான் சற்று வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் அதே ஓக் ரிட்ஜில் அறியாமை உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. செறிவூட்டிய யுரேனியம் ஓர் அளவுக்கு மேல் ஓரிடத்தில் சேர்ந்தால் தொடர்வினை தானே தொடங்கிவிடும். அது நீர்க் கரைசலில் இருந்தால் இன்னும் ஆபத்து. ஏனெனில் நீர் நியூட்ரானைத் தணிக்கிறது என்று மேலே பார்த்தோம், மிகக் குறைந்த யுரேனியமே அங்கு போதும். இது தெரிந்தவர்கள் லாஸ் அலமாஸில் இருந்தார்கள். தெரிய வேண்டியவர்கள் ஓக் ரிட்ஜில் இருந்தார்கள். நடுவே இருந்தது இரகசியக் கொள்கை. எமிலியோ செக்ரே அங்கு பார்வையிடச் சென்றபோது, கரைசல் தொட்டிகளைக் கவலையின்றிக் கையாள்வதைக் கண்டு திடுக்கிட்டார். அதன் பின் ரிச்சர்ட் பைன்மன் என்ற இளைஞர் அனுப்பப்பட்டார். நியூட்ரான் என்றால் என்ன, நீர் ஏன் ஆபத்து, எந்த அறையில் எவ்வளவு வைக்கலாம் என்றெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல அனுமதி வேண்டும், இல்லையென்றால் ஆலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க முடியாது என்பது லாஸ் அலமாஸின் நிலை. அனுமதி கிடைத்தது. பைன்மன் விளக்கினார். விஷயம் புரிந்த பொறியாளர்கள் ஆலையின் அமைப்பையே மாற்றிக்கொண்டார்கள். அந்த அனுமதி கிடைக்காமல் இருந்திருந்தால், திருகு திருப்பிய பெண்கள் உட்பட அங்கிருந்த ஆயிரக்கணக்கானோரில் யார் யார் இறந்திருப்பார்கள், எதனால் இறந்தோம் என்பது தெரியாமலே?

பைன்மன் சொல்லும் இன்னொரு கணக்கும் உண்டு. லாஸ் அலமாஸில் சில இளம் சிப்பாய்களைக் கொண்டு கணக்கீட்டு இயந்திரங்களில் நீண்ட கணக்குகளைச் செய்தார்கள். எதற்கான எண்கள் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒன்பது மாதங்களில் மூன்று கணக்குகள் முடிந்தன. ஓப்பன்ஹைமர் மூலம் அனுமதி பெற்று, நாம் என்ன செய்கிறோம் என்று பைன்மன் விளக்கினார். அதன் பிறகு மூன்று மாதங்களில் ஒன்பது கணக்குகள்! இளைஞர்கள் இரவில் வந்தும் உழைத்தார்கள், தாங்களாகவே புதிய வழிகளையும் கண்டுபிடித்தார்கள்.

எந்தச் செய்தி பெரியது?

1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமா எரிந்தது. அன்றே மிகப் பெரிய இரகசியமும் வெளியாகிவிட்டது. அணுகுண்டு செய்ய முடியும் என்பதே அது. முடியுமா முடியாதா என்று தெரியாமல் கோடிகளைக் கொட்டுவது வேறு, முடியும் என்று தெரிந்து தேடுவது வேறு. விடை இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த கணக்கை மாணவர்கள் எவ்வளவு தைரியமாகப் போடுகிறார்கள் என்று நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகஸ்ட் 12ஆம் தேதி அமெரிக்க அரசே, ஹென்றி ஸ்மைத் என்ற பேராசிரியர் எழுதிய அறிக்கையை வெளியிட்டது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அதிகாரிகள் வகுத்துக் கொடுத்த எல்லைக்குள் எழுதப்பட்ட அறிக்கை அது. சோவியத் நாடு 1949 ஆகஸ்ட் 29இல் தன் முதல் குண்டை வெடித்தது. லாஸ் அலமாஸிலேயே வேலை செய்த கிளாஸ் பூக்ஸ் என்பவர் விவரங்களைக் கொடுத்து உதவியிருந்தார் என்பது 1950இல் தெரிந்தது. அத்தனை வேலிகளுக்கும் உள்ளே, நியாயமாக அனுமதி பெற்று உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் இல்லாவிட்டாலும் சில ஆண்டுகள் கழித்து அவர்கள் செய்தே இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். அந்தச் சில ஆண்டுகளின் விலை என்ன என்பதை அரசியல் அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நிறுத்தி வைத்த கட்டுரைகள் யுத்தம் முடிந்ததும் அச்சேறின. புளூட்டோனியம் என்று பின்னர் பெயர் பெற்ற 94ஆம் தனிமத்தைப் பற்றிய சீபோர்க் குழுவினரின் கட்டுரை, 'பிசிகல் ரிவ்யூ' இதழில் 1946இல் வெளிவந்தது. பெற்ற தேதி 1941 ஜனவரி 28 என்றும், யுத்தம் முடியும் வரை தாமாகவே நிறுத்தி வைக்கப்பட்டது என்றும் அதில் குறிப்பு இருக்கிறது. அந்தத் தேதிக்கும் அது அச்சான நாளுக்கும் இடையில்தான் நாகசாகி அழிந்தது. அங்கு வீழ்ந்தது புளூட்டோனியக் குண்டு.

சென்ற மாதம், செய்முறை வகுப்பில் கையால் மறைத்த அதே மாணவரை நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அணுக்கரு இயற்பியல் அட்டவணைப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். கார்பன் என்ற வரியில் விரலை வைத்துப் படித்தார்: 0.0035. போரானையும் பார்த்தார், வகுத்தும் பார்த்தார். "இதையா சார் மறைத்தார்கள்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் விரல் வைத்ததாகத் தெரியவில்லை. தாள் ஓரங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்தன.